டாமுக்கு மூன்று விரல் மேலே

மதுரை
9.2.1999

உரிமையாளர் அய்யாத்துரை அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தங்கையாக எழுதவில்லை. மதுரை கிருஷ்ணராஜ் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவளாக எழுதுகிறேன்.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் குழு கோவில்பட்டிக்கு வருகிறது. கடைவீதி அம்மன் கோவில் கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். மைக் செட் உங்களுடையதுதான் என்று பருத்திக்கடை கருத்தையா அண்ணாச்சி எங்கள் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தால் மாற்றியிருப்பேன்.

விஷயம் இது. இந்த நிகழ்ச்சியில் எனக்கு ஒரு தனி உண்டு. மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். பத்து நிமிடம் டிரம்ஸ் மட்டும். மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். டிரம்ஸில் இருக்கிற டாம் மூன்றுக்கும் தனித்தனி மைக் இருந்தால்தான் தனி. இல்லாவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு பாட்டு. "தொம்முன்னு கேக்க வேண்டியது டொக்குன்னு கேட்டா ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க" என்கிறார். அவர் சொல்வது சரி.

எனக்கு எதிரே சாய்ந்தபடி இரண்டு சின்ன டாம். வலது முழங்கால் பக்கம் தரையில் நிற்கும் பெரிய டாம் ஒன்று. மூன்று மைக் வேண்டும். முடியுமா, முடியாதா என்று மட்டும் எழுதவும்.

இன்னொன்று. கயத்தாறில் நடந்ததை நான் மறக்கவில்லை. பந்தல் மூங்கிலில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிட்டது நீங்கள். என் குச்சி அதில் பட்டது. அதற்கு அத்தனை ஜனத்துக்கு முன்னால் அறிவிப்பு மைக்கில் நீங்கள் சொன்னது: "டிரம்ஸ் அடிக்குற தங்கச்சி, பாட்டுக்கு அடி. மைக்க அடிக்காத." சிரித்தார்கள். அதன் பிறகு மூன்று பாட்டு வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஆவுடைத்தாய்


கோவில்பட்டி
14.2.1999

ஆவுடைத்தாய்க்கு,

உறையின் மேல் 'உரிமையாளர் அவர்கள்' என்று இருந்ததால் வியாபாரக் கடிதம் என்று உன் மதினி பிரித்துவிட்டாள். அடுப்படியில் நின்றே மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினாள். "இந்தாங்க, யாரோ நீங்க நீங்கன்னு எழுதியிருக்காவ. பெரிய எடம் போல" என்றாள். கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடியாது.

என் மிக்சரில் எட்டு வழி. பாடுகிறவர்களுக்கு மூன்று. கீபோர்டு, கிட்டார், தபேலா, அறிவிப்பு. மிச்சம் ஒன்றே ஒன்று. அதில் உன் தலைக்கு மேல் ஒரு மைக் வைப்பேன். அது போதும். விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் வரைக்கும் எல்லா டிரம்ஸுக்கும் அப்படித்தான் வைக்கிறேன். யாரும் எழுந்து போனதில்லை.

கீழே மூன்று மைக்கைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? குழாய் ஸ்பீக்கரில் போன சத்தம் திரும்பி வந்து மைக்குக்குள் விழும். ஊளையிடும். ஊரில் இத்தனை வியாபாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க என் செட் ஊளையிட்டது என்று பேர் வரும். நீ மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவாய். நான் மறுநாள் காலையில் அதே கடைவீதியில் டீ குடிக்க வேண்டும்.

கயத்தாறு பற்றி நீ எழுதிவிட்டதால் நானும் எழுதுகிறேன். மைக்கைக் கட்டும்போது உன் கைக்கு மேலே இரண்டு சாண் விட்டுத்தான் கட்டினேன். ஓங்கி அடித்தால் படத்தான் செய்யும். என்னிடம் இருந்ததிலேயே நல்ல மைக் அது. வலை நசுங்கிப் போனது. அதற்குப் பிறகு அதை எந்த மேடையிலும் வைக்கவில்லை.

டாமைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். யோசி.

அய்யாத்துரை

உன் மதினி எழுதச் சொன்னது: சாப்பிடுகிறாயா?


மதுரை
18.2.1999

அண்ணனுக்கு,

டாமைத் தாழ்த்த மாட்டேன். அவை இருக்கிற உயரம் என் தோளுக்கு ஏற்ற உயரம். மைக்குக்காக என் கை குனியாது.

மதினிக்கு: சாப்பிடுகிறேன்.

தலைக்கு மேல் ஒரு மைக் போதும் என்கிறீர்கள். மேலே இருப்பது முதலில் சிம்பலைத்தான் கேட்கும். பித்தளைதானே முன்னால் நின்று கத்துகிறது. டாம் அதற்குக் கீழே. யாரோ பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுவதுபோலக் கேட்கும். எட்டயபுரத்தில் யாரும் எழுந்து போகவில்லை என்றால், கேட்காமல் போனது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

போன மாதம் இங்கே ஒரு கேசட்டுக்கு வாசித்தேன். ஒலிப்பதிவு செய்கிறவர் ஒவ்வொரு டாமுக்கும் ஒரு மைக் வைத்தார். விளிம்பு வளையத்தைத் தாண்டிச் சற்றே உள்ளே. தோலுக்கு மூன்று விரல் மேலே. குச்சி விழும் இடத்தைப் பார்த்துச் சாய்த்து. மைக்கின் முதுகு சிம்பல் பக்கம் இருக்கும்படி. முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம் என்றார்.

பிறகு ஹெட்போனில் போட்டுக் காட்டினார்.

சின்ன டாமுக்கும் பெரிய டாமுக்கும் நடுவில் என் கை நகர்கிற நேரம். அந்த இடைவெளி. அது கேட்டது. என் கை இப்படிப் பேசும் என்று எனக்கே தெரியாது.

அண்ணன், நம் ஊரில் என்னைப் பார்த்திருக்கிறார்கள். காலேஜ் ஆண்டுவிழா, கயத்தாறு, கழுகுமலை. பெண் பிள்ளை டிரம்ஸ் அடிக்கிறது என்று பார்த்தார்கள். மதுரையிலும் போஸ்டரில் அதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். டிரம்ஸ் என்ற சொல்லைவிடப் பெண் என்ற சொல் பெரியது.

பார்த்திருக்கிறார்கள். கேட்டதில்லை.

எனக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டும். சொந்த ஊரில் வேண்டும். மாஸ்டர் மார்ச் மாதம் பாட்டு வரிசையை எழுதிவிடுவார். அதற்குள் சொல்லுங்கள்.

ஆவுடைத்தாய்


கோவில்பட்டி
27.2.1999

ஆவுடைத்தாய்க்கு,

உனக்காகச் செய்யவில்லை. முடியாது என்று எழுதிவிட்டேன். ஆனால் எதனால் முடியாது என்று கையால் பார்க்காமல் எழுதியது எனக்கே உறுத்தியது. அதனால் பார்த்தேன்.

பேண்டு செட் மாதவனிடம் டிரம்ஸ் இரவல் வாங்கினேன். கருத்தையா அண்ணாச்சி தன் பருத்திக் குடோனில் ஒரு மத்தியானம் இடம் கொடுத்தார். பொதிகளுக்கு நடுவில் டிரம்ஸைப் போட்டு, இரண்டு குழாயைக் கட்டி, மூன்று மைக்கையும் வைத்து மாதவனை அடிக்கச் சொன்னேன். அண்ணாச்சி கணக்கை மூடிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏலே அய்யாத்துரை, பருத்திக்குப் பாட்டு படிக்கியோ?"

"கேட்டா எடை கூடும்னு சொன்னாவ அண்ணாச்சி."

"அப்ப நாளைக்கும் வந்து படி."

இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, ஊளை இல்லை. ஒரு சொட்டு இல்லை. சத்தம் கூட்டும் திருகாணியை முழுக்கத் திருப்பினேன். அப்போதும் இல்லை. நான் நினைத்தது தப்பு. பயப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு, சத்தம் சின்னது. பெரிய டாமில் கனமே இல்லை. அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது. அதற்கு வழி கண்டுபிடித்தேன். மாதவனின் டாமில் அடிப்பக்கத்துத் தோலைக் கழற்றிவிட்டு, கீழிருந்து மைக்கை உள்ளே விட்டேன். கனம் வந்துவிட்டது. சிம்பல் சத்தமும் உள்ளே வரவில்லை.

மிக்சரில் ஒரு வழிதான் இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? மூன்று மைக்கையும் சேர்த்து ஒரே வயரில் அனுப்ப ஒரு தகரப் பெட்டி செய்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே திருகாணி.

ஆக, முடியும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வரும்போது மூன்று டாமின் அடித்தோலையும் கழற்றிவிட்டு வா.

அய்யாத்துரை


மதுரை
3.3.1999

அண்ணனுக்கு,

முடியும் என்ற சொல்லை மூன்று முறை வாசித்தேன். பிறகு மற்றதை வாசித்தேன்.

மைக் செட் வைத்திருக்கிறவர், சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பஞ்சுக்குள்ளா போய் உட்காருவார்?

ஊளை இல்லாமல் போனது உங்கள் சாமர்த்தியம் இல்லை. அதைப் பருத்தி தின்றுவிட்டது. சுவரிலிருந்து திரும்பி வர வேண்டிய சத்தம் பொதிக்குள் போய்விட்டது. பெரிய டாமின் கனத்தையும் அதுதான் தின்றது. குடோனைக் குறை சொல்லாமல் என் டாமை அறுக்கச் சொல்கிறீர்கள்.

அடித்தோலைக் கழற்ற மாட்டேன். மேல்தோலில் அடிக்கிறேன். அடித்தோல் பதில் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சத்தம். பதிலைக் கழற்றிவிட்டு வா என்றால் எப்படி வருவது?

மாஸ்டரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். "உங்க ஊர் மைக் செட்டு என்னம்மா சொல்லுது?" உங்க ஊர் மைக் செட்டு. அண்ணன் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆவுடைத்தாய்


கோவில்பட்டி
10.3.1999

ஆவுடைத்தாய்க்கு,

உன் கடிதத்தை உன் மதினி வாசித்தாள். "நல்லா வேணும்" என்றாள். உன்னையா என்னையா என்று கேட்டேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாதவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனேன். ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் தீக்குச்சி காயப்போடும் வெட்டவெளி. ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. ஒரு பக்கம் நீளமாகத் தகரக் கொட்டகை. கரிசல் வெடித்துக் கிடந்தது. அங்கே குழாயைக் கட்டினேன்.

நீ சொன்னது நடந்தது. திருகாணியைப் பாதிகூடத் திருப்பவில்லை. ஊளை. தகரத்தில் பட்டுத் திரும்பி, பெரிய டாமுக்குள் புகுந்து, யாரும் தொடாமலே அது உறுமியது. மாதவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். "அண்ணே, இதுக்குள்ள எதுவும் இருக்கா?" என்றான்.

சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தோம். குழாய்களை முன்னால் தள்ளி, முகத்தை வெளியே திருப்பினேன். மைக்குகளைத் தோலை ஒட்டிக் கொண்டுவந்தேன். மைக் டாமுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் திருகாணியைக் குறைக்கலாம். குறைத்தால் ஊளை இல்லை. ரொம்ப ஒட்டினால் 'தொம்' மட்டும் வருகிறது, தோலின் சத்தம் போய்விடுகிறது. கடைசியில் எங்கே வந்து நின்றது தெரியுமா? மூன்று விரல். உன் மதுரைக்காரர் சொன்ன அதே மூன்று விரல். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடித்தோல் இருக்கட்டும். கழற்ற வேண்டாம். வெட்டவெளியில் அது பேசத்தான் செய்கிறது.

ஸ்டாண்டு வைக்கப் போவதில்லை. தகரப் பீப்பாய் மேல் பலகை போட்ட மேடை. நீ பெடலை மிதித்தால் பலகை ஆடும், ஸ்டாண்டும் ஆடும். சைக்கிளில் டைனமோவைப் பிடிக்கும் இரும்புக் கிளிப் இருக்கிறதே, அதில் மூன்று வாங்கி வளைத்து, டாமின் வளையத்திலேயே மாட்டும்படி செய்திருக்கிறேன். நடுவில் சைக்கிள் டியூப் வெட்டி வைத்திருக்கிறேன், அதிர்வு ஏறாமல்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று மைக்குக்கும் ஒரே திருகாணி. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்க முடியாது. மூன்று டாமும் ஒரே அளவாகக் கேட்க வேண்டுமானால் மைக் வைக்கிற இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு உன் குச்சி எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். மாதவன் ஒரு அடி நடுவில், ஒரு அடி வளையத்தில், ஒரு அடி மைக்கில் அடிக்கிறான். நீ எங்கே அடிக்கிறாய்?

வார்த்தையில் எழுதாதே. நடுவில் அடிக்கிறேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அய்யாத்துரை


மதுரை
14.3.1999

அண்ணன்,

நாகர்கோவில் பஸ் டிரைவர் ஒருவரிடம் ஒரு சுருள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பழக்கடையில் வைத்துவிடுவார். பிரித்துப் பார்.

மூன்று பழைய தோல்கள். போன மாதம் மாற்றியவை. தூக்கிப் போடாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

கீழ் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அது என் வயிற்றுப் பக்கம். அந்தக் கோட்டை உன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் பார்ப்பதுபோலவே பார்க்கலாம்.

எங்கே அடிக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்டரிடம் முடியும் என்று சொல்லிவிட்டேன். பாட்டு வரிசையில் 'ஆவுடைத்தாய் - தனி' என்று எழுதினார். டாலி என்று மாற்றிக்கொள்ளலாமா, மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது நீ முடியாது என்றால் போவது என் பேர்.

தாயி


கோவில்பட்டி
19.3.1999

தாயி,

சுருள் வந்தது. பழக்கடைக்காரர் அதற்குள் ஒரு தோலை விரித்து மாம்பழம் அடுக்கியிருந்தார். வாங்கி வந்துவிட்டேன்.

தரையில் உட்கார்ந்து, நீ சொன்னபடி வைத்து, மூன்றையும் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு தேய்ந்து சாம்பலாகிக் கிடக்கிற இடம். சின்ன டாமில் ஒரு உள்ளங்கை அகலம். நடுவிலிருந்து கொஞ்சம் உன் பக்கமாக. அடுத்ததிலும் அப்படியே. பெரியதில் மட்டும் சற்று இடப்பக்கம். அதைச் சுற்றி வெள்ளை. வளையத்துப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

எத்தனை மாதம் வாசித்த தோல் இது?

உன் மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன, இப்படிப் பாக்கீங்க?" என்றாள். காட்டினேன். விரலால் அந்த வட்டத்தைச் சுற்றினாள். "ஒரு அடியும் வெளிய போகல" என்றாள். "அப்ப கயத்தாத்துல?" என்றாள்.

கயத்தாறில் அன்றைக்குக் காற்று இருந்தது. பந்தல் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு நீளம்.

மைக் வைக்கும் இடம் முடிவாகிவிட்டது. சின்ன டாம் இரண்டுக்கும் உனக்கு எதிர்ப்பக்கத்து வளையத்தில், மூன்று விரல் மேலே. பெரிய டாம் இயல்பிலேயே கனமாகப் பேசும். அதற்கு நாலு விரல். மூன்றும் சாம்பல் வட்டத்தைப் பார்க்கும். உன் கை போகிற வழியில் எதுவும் இருக்காது. கையைக் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

பெரிய டாமுக்கு அந்தப் பழைய மைக்கை வைக்கிறேன். வலைதான் நசுங்கியிருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது.

அண்ணன்


மதுரை
2.4.1999

அண்ணன்,

பங்குனிப் பொங்கல் அன்று மேடைக்கு வந்தாய். முழங்காலிட்டு உட்கார்ந்து கிளிப்புகளை மாட்டினாய். தோலுக்கும் மைக்குக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தாய். எழுந்து போனாய். நான் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கயத்தாறு பற்றி நீ எழுதிய வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. பேசினால் அது குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

தனிக்கு முந்தைய பாட்டுகள் முடிந்தன. மாஸ்டர் கையைக் காட்டினார். தனி தொடங்கியது.

மெதுவாகத் தொடங்கினேன். சின்ன டாமில் ஒரு அடி. விட்டேன். அடுத்ததில் ஒன்று. விட்டேன். இடைவெளியோடு. அவர்கள் கேட்கிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. குழாய்கள் எல்லாம் எனக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தன. என் சத்தம் என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேடையில் இருக்கிறவளுக்கு ஒரே வழிதான் உண்டு. மைக் செட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பது.

பார்த்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

மறுபடி பார்த்தேன். காலி. தனி முடியும் வரை காலி. நான் அடித்ததெல்லாம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து அடித்தது.

டீ குடிக்கப் போனாயா? கருத்தையா அண்ணாச்சி கூப்பிட்டாரா? பதினாறு வயதிலிருந்து உன் செட்டைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு வந்தால்கூட நாற்காலியில்தான் சாப்பிடுவாய். ஒரு நிகழ்ச்சிக்கும் நீ எழுந்ததில்லை. என் பத்து நிமிடத்துக்கு எழுந்திருக்கிறாய்.

கைதட்டல் வந்தது. நீண்ட நேரம் வந்தது. எனக்கு அது வேறு யாருக்கோ வந்ததுபோல இருந்தது.

ஆவுடைத்தாய்


கோவில்பட்டி
7.4.1999

தாயி,

டீ குடிக்கவில்லை. டீக்கடையில் நின்றேன். இரண்டும் வேறு.

மைக் செட்டுக்காரன் நாற்காலியை விட்டு ஏன் எழுவதில்லை என்று உனக்குத் தெரியும். எந்த நேரம் எது ஊளையிடும், யார் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொள்வார் என்று சொல்ல முடியாது. கை திருகாணி மேலேயே இருக்க வேண்டும். ஆனால் நாற்காலி மேடைக்குப் பக்கவாட்டில், குழாய்க்குப் பின்னால். ஜனங்களுக்குக் கேட்பது எங்களுக்குக் கேட்காது. இத்தனை வருஷமும் முன்வரிசைக்காரர்கள் முகத்தைப் பார்த்துத்தான் கூட்டிக் குறைத்திருக்கிறேன்.

நீ முதல் அடி அடித்தாய். விட்டாய். கையைத் திருகாணியிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது. கூட்ட ஒன்றும் இல்லை, குறைக்க ஒன்றும் இல்லை. மைக் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, குச்சி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அங்கே எனக்கு என்ன வேலை?

எழுந்தேன். கடைவீதி வழியாக நடந்தேன். ஒவ்வொரு குழாய்க்கும் கீழே கொஞ்சம் நின்றேன். கடைசிக் குழாயை ரயில்வே கேட் பக்கம் டீக்கடை வேம்பில் கட்டியிருந்தேன். அங்கிருந்து மேடை தெரியாது. லைட்டு வெளிச்சம்கூடத் தெரியாது.

கேட்டது. சின்னது, அடுத்தது, பெரியது. மூன்றும் தனித்தனியாக. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை போகிற நேரமும் கேட்டது. நீ எழுதியிருந்தாயே, அது.

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு அண்ணாச்சி இது? பய பிரிச்சு எடுக்கான்."

"பய இல்ல. பிள்ள."

"பொம்பளப் பிள்ளையா? மதுரையா மெட்ராஸா?"

"இந்த ஊருதான்."

"நம்ம ஊரா!" என்று கேட்டுவிட்டு, டீக்கு நின்ற ஒருவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், பொறு என்று. அது முடிகிற வரைக்கும் அந்தக் கடையில் யாருக்கும் டீ கிடையாது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அவர் உன்னைப் பார்க்கவில்லை தாயி. இது வரைக்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. உன் மாஸ்டர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். தனியின் நடுவில் இறங்கி வந்து திருகாணியைத் தேடினாராம். கொஞ்சம் குறைத்தால் அடுத்து பாடுகிறவருக்கு எடுப்பாக இருக்கும் என்று. உன் மதினி நாற்காலிக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. எழுந்து மிக்சருக்கு முன்னால் வந்து நின்றாளாம்; அப்போது நீ கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாயாம்.

"அண்ணாச்சி, கைய எடுங்க. அவிய வார வரைக்கும் இதத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ."

"நான் மாஸ்டர்மா."

"இருங்க. நல்லா இருங்க. தொடாம இருங்க."

அவர் மேடைக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் அப்படி ஒன்றும் அவளிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவளாகச் சொன்னது.

அண்ணன்


மதுரை
10.4.1999

அண்ணன்,

உன் கடிதத்தைக் குழு வேனில் வைத்து வாசித்தேன். மாஸ்டர் முன் சீட்டில் இருந்தார். அவர் பின்தலையைப் பார்த்துக்கொண்டே மதினி சொன்னதை இரண்டாம் முறை வாசித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்ன என்று திரும்பினார். எங்க ஊர் மைக் செட்டு எழுதியிருக்கு, என் அண்ணன்தான் அது என்றேன். தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த அம்மா யாரு?" என்று கேட்டார். மதினி என்றேன். "அதான்" என்றார்.

அடுத்த நிகழ்ச்சி சிவகாசியில். அங்கேயும் தனி உண்டு என்று சொல்லிவிட்டார். டாமுக்குத் தனித்தனி மைக் இருக்கிறதா என்று இனிமேல் புக் செய்யும்போதே கேட்கப்போகிறாராம். சிவகாசியில் மைக் வைக்க வருகிறவரிடம் விரலை நான்தான் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். காட்டுவேன்.

உன் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மூன்று டாமும் தனித்தனியாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். டீக்கடைக்காரர் நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். மாஸ்டர், மதினி, கேட், வேம்பு, எல்லாம் இருக்கிறது.

நன்றாக இருந்ததா என்று எழுதவில்லை.

நீ நின்று கேட்டாய். நீ மட்டும்தான் நாற்காலியிலிருந்து கடைசிக் குழாய் வரை கேட்டாய். டீக்கடைக்காரர் சொன்னது எனக்கு வந்துவிட்டது. நீ என்ன சொல்கிறாய்?

தாயி


கோவில்பட்டி
14.4.1999

தாயி,

கடைசி இரண்டு நிமிடத்தில் பெரிய டாமின் தோல் கொஞ்சம் தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. சூடு. சிவகாசியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு திருப்பு இறுக்கிக்கொள்.

மற்றபடி எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்படி நான் இது வரைக்கும் யாருக்கும் எழுதினதில்லை.

அண்ணன்